சின்னப் படங்களால் ஒரு பெரிய முகம்: எந்த வழி நமக்குச் சரி?

பாடசாலை நூற்றாண்டு விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், தோட்டத்துக் கோவில் கும்பாபிஷேகம் என்று எதற்காகக் கூடினாலும் யாராவது ஒருவர் இந்த யோசனையை எடுத்துவிடுவார்: “ஊர் ஆட்கள் எல்லாருடைய போட்டோவையும் சேர்த்து ஒரே பெரிய படமாகச் செய்வோமா? கிட்டப் போனால் ஆளாளுடைய முகம், தூர நின்றால் ஒரே முகம்.” எல்லாரும் சரி என்பார்கள். அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் தொடங்கும். ஒருவர் ஹட்டனில் தெரிந்த ஸ்டூடியோவில் கொடுத்துவிடலாம் என்பார். ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பையன் இலவச மென்பொருள் இருக்கிறதே என்பான். கொழும்பில் வேலை செய்கிறவர் ஏதோ ஒரு இணையத்தளத்தின் லிங்கை அனுப்புவார். சித்திரப் பாட டீச்சர், பிள்ளைகளை வைத்துக் கையாலேயே ஒட்டிவிடலாமே என்பார்.

நான்குமே நடக்கக்கூடிய வழிகள்தான். எதை எடுப்பது என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கும். போட்டோ கொடுத்த எல்லாரும் கட்டாயம் படத்தில் வரவேண்டுமா? கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தச் சின்ன முகம் இன்னார் என்று தெரிய வேண்டுமா? நம் இலங்கை மலையகப் பக்கத்தில் இரண்டுக்கும் பதில் ‘ஆமாம்’ என்றுதான் வரும். ஆனால் மென்பொருள்கள் பெரும்பாலும் பெரிய படம் அழகாக வருவதைத்தான் குறியாக வைத்துச் செய்யப்பட்டவை. சின்னப் படங்கள் அவற்றுக்கு வெறும் நிறத் துண்டுகள். இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

மொசைக் என்று சொல்லப்படும் இந்த வேலை நடக்கிற விதம் சிக்கலானது இல்லை. பெரிய முகமாக வர வேண்டிய மூலப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒத்துப்போகிற போட்டோவைத் தேடி அங்கே வைப்பது, அவ்வளவுதான். நல்ல மென்பொருள் ஒரு கட்டத்தையே இன்னும் சிறு பகுதிகளாக்கிப் பார்க்கும். இடது பக்கம் வெளிச்சமும் வலது பக்கம் இருட்டும் உள்ள கட்டத்துக்கு அதேபோன்ற போட்டோ கிடைத்தால் மூக்கின் ஓரம், உதட்டின் கோடு எல்லாம் கூர்மையாக வரும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த ராபர்ட் சில்வர்ஸ் 1990களில் இந்த முறையைப் பிரபலமாக்கி, 2000ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

அவருக்கு முன்பே ஒரு விஷயம் தெரிந்திருந்தது: முகத்தை அடையாளம் காண நம் கண்ணுக்கு மிகக் கொஞ்சம் தகவல் போதும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் 1973இல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் கட்டங்களாகக் குறைத்து வெளியிட்டார். கிட்ட இருந்து பார்த்தால் வெறும் சதுரங்கள். கண்ணைச் சுருக்கினால் லிங்கன். அதை வைத்து சல்வதோர் தாலி 1976இல் வரைந்த ஓவியத்தின் தலைப்பே, அது இருபது மீற்றர் தூரத்தில் லிங்கனாக மாறும் என்று சொல்கிறது.

நமக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. மூலப்படம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத்து இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சம் இருந்த 150,000 பேரின் கணக்கு 1974இல்தான் தீர்ந்தது. பாட்டன் பாட்டியின் போட்டோ என்று சில வீடுகளில் மிஞ்சியிருப்பது அந்தக் காலத்துக் குடியுரிமைப் பத்திரங்களுக்காக எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்றுதான். ஓரம் மடிந்து, மூலையில் முத்திரை விழுந்து, பழுப்பேறிப் போயிருக்கும். பெரிதாக்கிச் சட்டம் போட்டால் மங்கித்தான் தெரியும். மொசைக்குக்கு அதுவே தாராளம். 24க்கு 32 கட்டம் உள்ள படத்தில், ஒரு கட்டத்தை ஒன்பது பகுதியாகப் பிரித்துப் பார்த்தாலும் மென்பொருள் கேட்பது 72க்கு 96 புள்ளிகள். அந்தச் சின்னப் படத்தில் அதற்கு மேலேயே இருக்கிறது.

அந்த 24க்கு 32 சும்மா சொன்ன கணக்கில்லை. போட்டோ லாப்களில் 12க்கு 18 அங்குலத் தாள் சாதாரணமாகக் கிடைக்கும். அதைப் படுக்கையாக வைத்து, அகலத்தில் இரண்டு, உயரத்தில் நான்கு என எட்டுத் தாள் அடுக்கினால் 3 அடி அகலம், 4 அடி உயரம். சின்னப் படம் ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலச் சதுரம் என்றால் ஒரு தாளில் 96, எட்டுத் தாளில் 768. தாளின் விளிம்பும் கட்டத்தின் விளிம்பும் ஒரே கோட்டில் விழுவதால் பொருத்திய இடம் கண்ணில் படாது. ஒரு அங்குலமாகக் குறைத்தால் 1,728 கட்டம், அப்போதும் விளிம்பு சரியாக வரும். பெரிய முகம் இன்னும் தெளியும், ஆனால் சின்ன முகங்களைப் பார்க்க வயதானவர்கள் கண்ணாடியைத் தேடுவார்கள். அரை அங்குலம் என்றால் 6,912. அந்த அளவில் சின்னப் படம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது; ஊர் ஆட்களின் போட்டோவைச் சேர்த்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஒன்றரை அங்குலம்தான் என் தெரிவு. அதற்கு ஒரு விலை உண்டு: மூலப்படம் ஒரே ஆளின் முகமாக, சட்டம் நிறைய இருக்க வேண்டும். கண் கண்ணாகத் தெரிய அதன் அகலத்துக்கு நான்கு கட்டமாவது தேவை. முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண்ணின் அகலம் என்பது சித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆக முகத்துக்கு மட்டும் 20 கட்டம் போய்விடும், மிச்சம் நான்கு. கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் நிற்கும் பெண் என்று நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் படம் இதில் எடுபடவே எடுபடாது. பச்சைக்குள் பச்சை, முகம் மூன்று கட்டம். தூரத்தில் நின்றாலும் தேயிலைச் செடிதான் தெரியும். பாடசாலைக் கட்டடம், கோவில் கோபுரம், இரண்டு பேர் நிற்கும் படம் எல்லாமே இந்த அளவுக்கு ஒத்துவராது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த, சுருக்கம் விழுந்த ஒரு கிழவியின் முகம் அருமையாக வரும். அவருடைய மூக்குத்தி சரியாக ஒரு கட்டம். அந்த இடத்தில் எந்தப் போட்டோ வருகிறது என்று பார்க்கவே ஒரு கூட்டம் கூடும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஸ்டூடியோக்காரர் போட்டோஷாப்பில் செய்து தருவது பெரும்பாலும் மொசைக்கே இல்லை. போட்டோக்களை வரிசையாகக் கட்டத்தில் அடுக்கி, அதன் மேல் பெரிய முகத்தை அரைகுறையாகத் தெரிகிற மாதிரி ஒரு படலமாகப் போட்டுவிடுவார். ஒரே நாளில் முடியும் வேலை. யாரும் விடுபட மாட்டார்கள். யாரை எங்கே வைப்பது என்பதும் நம் கையில், 1985 ஓ.எல். (சாதாரண தரம்) பிரிவு மேலே, இந்த வருடப் பிள்ளைகள் கீழே என்று ஒழுங்குபடுத்தலாம். ஆனால் படலத்தின் அழுத்தம் கூடினால் யாரோ ஒருவருடைய நெற்றியின் குறுக்கே பெரிய முகத்தின் இமை கோடு போட்டதுபோல் ஓடும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் பாதி முகம் கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் கிடக்கும். கிட்டப் போனவர்களுக்கு அது கண்ணை உறுத்தும். அவசரத்துக்கு இது போதும். வாசலில் ஒருநாள் வைக்கும் வரவேற்புப் பதாகைக்கு நானும் இதைத்தான் சொல்வேன். வருடக்கணக்கில் தொங்கப் போகிற படத்துக்குச் சொல்ல மாட்டேன்.

இணையத்தளங்களையும் போன் ஆப்களையும் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. இலவசம் என்றால் கீழே அவர்கள் முத்திரை விழும், அல்லது பெரிய அளவில் தரவிறக்கக் காசு கேட்பார்கள். எழுநூறு போட்டோ, ஒன்று 3 எம்.பி. என்றாலும் 2 ஜி.பி.க்கு மேல் ஏற்ற வேண்டும். தோட்டத்து மேல் டிவிசனில் சிக்னலுக்காக இஸ்தோப்பை (வீட்டு முன் திண்ணையை) விட்டு ரோட்டுக்கு வருகிறவர்களுக்கு இது புரியும். எல்லாவற்றையும் விட, பிள்ளைகளின் முகங்களை மொத்தமாக யாரோ முகம் தெரியாதவரின் சேர்வரில் கொண்டுபோய் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பெற்றோரிடம் கேட்டால் அவர்களும் அதையே சொல்வார்கள்.

இலவச மென்பொருளில் நான் பரிந்துரைப்பது ஆண்ட்ரியாமொசைக். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்; பழைய லெப்டொப்பும் போதும்; ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை; போட்டோக்கள் நம் கணினியை விட்டு வெளியே போகாது. முதலில் போட்டோக் கோப்புறையைக் காட்டி அதை ஒருமுறை வாசிக்க விட வேண்டும். பிறகு மூலப்படத்தைக் கொடுத்து, கட்டங்களின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். இதுவரை சுலபம். கவனமாக இருக்க வேண்டியது மூன்று நான்கு அமைப்புகளில்.

ஒரு படம் எத்தனை முறை வரலாம் என்பது முதலாவது. இதைத் திறந்து விட்டால் மென்பொருள் தனக்குப் பிடித்த நூறு இருநூறு போட்டோக்களையே திரும்பத் திரும்பப் போடும். பெரிய முகம் பிரமாதமாக வரும். திரைநீக்கம் முடிந்ததும் ஒரு அம்மா வந்து, “எங்க வீட்டுக்காரர் படத்தக் காணோமே தம்பி” என்பார். கணவர் சின்ன வயதிலேயே இறந்துபோனவர், அந்த ஒரு படத்தைத்தான் அந்த அம்மா நம்பிக் கொடுத்திருப்பார். அதனால் ஆளுக்கு ஒரு முறை என்று கட்டிவிடுங்கள். அப்படிச் செய்தால் கட்டங்கள் எத்தனையோ அத்தனை போட்டோவும் வேண்டும். 500 ஆட்கள் சேர்ந்தால், மிச்சம் 268க்கு ஊரையே எடுங்கள்: லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), காசல்ரீ நீர்த்தேக்கம், மாரியம்மன் தேர்.

இந்த இடப் படங்கள் வெறும் நிரப்பி அல்ல. முகங்களை மட்டும் சேர்த்தால் எல்லாமே நடுத்தரப் பழுப்பாகத்தான் இருக்கும். கருவிழிக்கும் தலைமுடிக்கும் தேவையான இருட்டும், நெற்றியில் விழும் வெளிச்சத்துக்குத் தேவையான வெள்ளையும் கிடைக்காது. வெள்ளைக்கு நம்மிடம் மூடுபனி இருக்கிறது, பாடசாலைச் சீருடை இருக்கிறது. கறுப்புக்குப் புகை படிந்த அடுப்படிச் சுவர், இரவுத் திருவிழா. இதே காரணத்துக்காக ஆட்களின் போட்டோவையும் கன்னத்தோடு ஒட்ட வெட்டாதீர்கள். கழுத்துக்குக் கீழே வெள்ளைச் சட்டை கொஞ்சம் தெரியட்டும்.

இரண்டாவது, நிற மாற்றம். ஒவ்வொரு போட்டோவையும் அந்தக் கட்டத்தின் நிறத்துக்கு எவ்வளவு சாய்க்கலாம் என்பது இது. ஆளுக்கு ஒரு முறை என்று கட்டிய பிறகு இது இல்லாமல் முடியாது. 20 சதவீதம் வரை முகங்கள் இயல்பாகவே இருக்கும். 40ஐத் தாண்டினால் ஸ்டூடியோப் படலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் குறைந்துவிடும்.

மூன்றாவது, படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலமாகத் திருப்பிப் போடும் வசதி. அணைத்துவிடுங்கள். தோட்டத்துப் பெயர்ப்பலகை எழுத்து திரும்பியிருக்கும், சேலை முந்தானை மறு தோளுக்குப் போயிருக்கும். நம் ஆட்கள் இதை உடனே கண்டுபிடிப்பார்கள்.

நிறப்படமா, கறுப்பு வெள்ளையா என்றும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கலந்து விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் பெரிய முகத்தின் நரைமுடிக்கும் பின்னணிக்கும் போய் ஒதுங்கும். சிவந்து மங்கிய எண்பதுகளின் படங்கள் கன்னத்தில் கூடும். இப்போதைய போன் படங்கள் சேலைக்குப் போகும். தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். சிலருக்கு இது பிடிக்கலாம். எனக்கு எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்குவதுதான் பிடிக்கும். 1960களின் பாட்டியும் போன மாதம் பிறந்த பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். நிறம் பொருந்த வேண்டிய கவலை போய், வெளிச்சம் மட்டும் பொருந்தினால் போதும் என்றாவதால் பெரிய முகமும் தெளியும்.

அந்த ஏ.எல். பையனுக்கு பைதான் நிரல்மொழி தெரியும் என்றால் அவனிடமே ஒப்படைக்கலாம். எல்லாரும் ஒரு முறை மட்டும் வரவேண்டும் என்ற நிபந்தனைக்கு உண்மையில் அதுதான் சுத்தமான வழி. கட்டம் கட்டமாக நல்லதைப் பொறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சியவர்கள் பொருந்தாத இடத்தில் மாட்டுவார்கள். பைதானில் கணக்குப் போட உதவும் சைபை நூலகத்தில் ‘லீனியர் சம் அசைன்மென்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. அது 768 போட்டோவையும் 768 கட்டத்தையும் மொத்தமாகப் பார்த்து, கூட்டிக் கழித்துக் குறைந்த பிழை வருகிற பங்கீட்டைச் சொல்லிவிடும். சாதாரணக் கணினியிலேயே கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற கணக்கு. ஆள் இல்லாவிட்டால் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

கையால் ஒட்டுவதை வாட்ஸ்அப் குழு சிரித்துத் தள்ளிவிடும். தள்ள வேண்டியதில்லை. போட்டோக்களைக் கறுப்பு வெள்ளையில் ஒன்றரை அங்குலச் சதுரமாக லாப்பில் அச்சிட்டு, பேப்பர் கட்டரில் வெட்டி, வெளிச்சத்தைப் பார்த்து ஆறு பிஸ்கட் டின்களில் பிரித்துப் போடுங்கள்: ஒன்றாம் டின் கும்மிருட்டு, ஆறாம் டின் வெள்ளை. மூலப்படத்தை 24க்கு 32 கட்டமாகக் குறைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதிக்கொண்டால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூட ஒட்டலாம். பலகையில் கோடு போட்டு, அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். பக்கத்துப் படத்தைப் பார்த்து ஒட்டினால், ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் வரிசை முடிவில் ஒரு அங்குலம் வெளியே போய்விடும்.

கூர்மையில் இது மென்பொருளுக்குக் கீழேதான். ஆனால் ஒரே எண்ணுள்ள கட்டங்களுக்குள் யாரை எங்கே வைப்பது என்று நாமே முடிவு செய்யலாம். அண்ணன் தம்பியை அருகருகே வைக்கலாம், முதல் அதிபரைக் கண்ணின் ஓரத்தில் வைக்கலாம். டின்களில் பிரிக்கும்போது பெரியவர்களை உட்கார வைத்தால் “இது கூடலூருக்குப் போன பெரியசாமி கங்காணி மகன்” என்று ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வரும். ஒருவர் எழுதிக்கொண்டே போனால் பெயர்ப்பட்டியலும் தயார். கோதுமை மாவில் காய்ச்சிய பசையை மட்டும் தொடாதீர்கள். நம் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும், கரப்பானும் வரும்.

ஆக, ஆரம்பப் பாடசாலை, நாள் இருக்கிறது, கைகள் இருக்கின்றன என்றால் கை வேலை. பழைய மாணவர் சங்கம், ஆட்கள் கனடா முதல் கோத்தகிரி வரை சிதறியிருக்கிறார்கள், படங்கள் போனில்தான் வரும் என்றால் ஆண்ட்ரியாமொசைக். வாட்ஸ்அப்பில் வந்த படமே ஒன்றரை அங்குலத்துக்குப் போதும், டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லி அவர்களை அலைக்கழிக்க வேண்டாம். அடுத்த வாரம் விழா என்றால் ஸ்டூடியோ. லயத்து வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்றால் கணக்கே வேறு: பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் பின்னால் நகர இடம் இருக்காது. ஒரே ஒரு 12க்கு 18 தாளில் அரை அங்குலக் கட்டமாக 864 வைத்துக்கொண்டால் கட்டிலில் இருந்தே முகம் தெரியும். சின்ன முகங்களைப் பார்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியதுதான்.

பழைய படங்களைப் பிரதி எடுக்கும்போது சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போனதை உரிக்கப் பார்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலாலேயே போனில் எடுங்கள். இஸ்தோப்பில், வெயில் இல்லாமல் மூடுபனி இறங்கிய நேரம் பார்த்து எடுத்தால் பளபளப்பு விழாது. குழுப்படம் வந்தால் அதை அப்படியே ஒரு கட்டத்தில் போடாமல் ஆள் ஆளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அச்சு. பிளெக்ஸ் மலிவு என்பதற்காக அதற்குப் போகாதீர்கள். பதாகைக்கு அடிக்கிற சாதாரணத் தரத்தில், அங்குலத்துக்கு 72 புள்ளி என்றால், ஒன்றரை அங்குலப் படத்துக்கு 108 புள்ளிதான் கிடைக்கும், முகம் கலங்கிவிடும். போட்டோத் தாளில் 300 புள்ளி என்றால் 450. மென்பொருளில் இறுதிப் படத்தின் அளவை 10,800க்கு 14,400 என்று கொடுத்து, லாப்புக்கு 5,400க்கு 3,600 அளவில் எட்டுக் கோப்புகளாக வெட்டிக் கொடுங்கள். மெட் தாள் கேளுங்கள். மண்டபத்து டியூப் லைட் பளபளப்புத் தாளில் பட்டால் பாதிப் படம் தெரியாது. ‘தாளுக்குப் பொருத்திப் பெரிதாக்க வேண்டாம், ஓரம் வெட்ட வேண்டாம்’ என்று கட்டளைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எட்டுத் தாளும் ஒன்றோடு ஒன்று சேராது. மாட்டும் இடத்தையும் முன்பே பார்த்து வையுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழையும் பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழையும் அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம். உள்சுவரில், பின்னால் இரண்டு மரச்சட்டம் அடித்து, காற்றுப் போக ஒரு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டினால் பலகை உப்பாது.